ஜப்பான் ஹோம்ஸ்டே வீட்டுக்கு என்ன பலகாரம் கொண்டுபோவது?

ஹோம்ஸ்டே என்று ஒரு குடும்பத்தோடு தங்கப் போகும் ஜப்பானிய வீட்டுக்கு நாம் கொண்டுபோகும் பலகாரத்தை அந்த வீட்டார் மட்டும் சாப்பிடுவதில்லை. பெட்டியைப் பிரித்ததும் இரண்டு துண்டு, முன்னோருக்காக வீட்டில் வைத்திருக்கும் புத்சுதான் மாடத்தின் முன்னால் போகலாம். நாலைந்து துண்டு அப்பாவின் அலுவலகத்துக்கு, இரண்டு பக்கத்து வீட்டுக்கு, ஒன்று எப்போதாவது வந்துபோகும் பாட்டிக்கு. வந்ததைப் பங்கிட்டுக் கொடுக்கும் இந்தப் பழக்கத்துக்கு ஒசுசோவாகே என்று பெயர். இதைப் புரிந்துகொண்டால் பலகாரத் தேர்வில் பாதி வேலை முடிந்தது. பிரித்துக் கொடுக்க முடியாத பலகாரம் எவ்வளவு ருசியாக இருந்தாலும் அந்த வீட்டில் அது ஒரு சுமைதான்.

அரைக் கிலோ மிக்சர் பாக்கெட்டை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை வெட்டினால் மூடி வைக்க வேண்டும். ஜூன் தொடங்கி ஜூலை நடுவரை அங்கே மழைக்காலம், காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். இரண்டே நாளில் மிக்சர் நமத்துப் போகும். அதைப் பக்கத்து வீட்டுக்கு எதில் போட்டுக் கொடுப்பது என்று ஒகாசானுக்கு, அதாவது ஹோம்ஸ்டே வீட்டு அம்மாவுக்கு, தெரியாது. குப்பையில் போட மனசும் வராது. இதுவே ஒவ்வொன்றாகத் தனி உறையில் சுற்றிய கடலை மிட்டாய் இருபது என்றால், அவர் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை, எடுத்து நீட்டினால் போதும். ஜப்பானில் ரயில் நிலையத்துக் கடையில் ஒமியாகே, அதாவது ஊருக்குப் போய் வரும்போது வாங்கும் பரிசுப் பலகாரம், வாங்கினால் பெட்டிக்குள் பெரும்பாலும் ஒவ்வொரு துண்டும் தனி உறையில் இருப்பது இதற்காகத்தான்.

ஆகவே தனித்தனி உறை என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் நாக்குக்குப் பாதியாவது பழகிய ருசியாக இருக்க வேண்டும் என்பது அதற்கு அடுத்தது. நமக்கு எது இல்லாமல் இருக்க முடியாதோ அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பலரும் செய்வது. பாசம் புரிகிறது. ஆனால் முதல் கடியிலேயே மிளகாயும் பெருங்காயமும் ஏறினால் அந்தப் பெட்டி மரியாதையாக அலமாரிக்குள் போய்விடும்.

அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ருசிகள்

நம் பலகாரங்களில் பலவற்றுக்கு அங்கே உறவுக்காரர்கள் உண்டு. டோக்கியோவின் அசாகுசா கோயில் வாசலில் விற்கும் காமினாரி ஒகோஷி, அரிசியைப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் பிடித்த வில்லை. நம் பொரி உருண்டையை அவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஒகினாவாவின் கரும்புச் சர்க்கரையான கொகுதோவில் புரட்டிய வேர்க்கடலை ஜப்பான் முழுக்கக் கிடைக்கிறது. அதைச் சாப்பிட்ட வாய்க்குக் கோவில்பட்டி கடலை மிட்டாய் அந்நியமாக இருக்காது. கறுப்பு எள்ளை ஐஸ்க்ரீமிலும் போடுகிற ஊர் அது, எள்ளுருண்டை எடுபடாமல் போகாது. வறுத்த சோயா மாவான கினாகோவின் மணத்துக்குப் பக்கத்தில் வருவது, பாசிப்பருப்பை வறுத்துத் திரித்த நம் பயத்தம் உருண்டை.

இதில் என் முதல் தேர்வு கோவில்பட்டி கடலை மிட்டாய்தான். 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது என்பதால் 'இந்த ஊரில்தான் இது' என்று சொல்ல ஒரு விஷயமும் கிடைக்கிறது. ஊர்ப் பெயரோடு பலகாரத்தை மதிக்கும் மக்கள் அவர்கள், எந்த மாவட்டத்துச் சிறப்பு என்று கேட்பார்கள். பெரிய பாளமாக வரும் பாக்கெட்டை வாங்காதீர்கள். ஒரு கடிக்கு அல்லது இரண்டு கடிக்கு வரும் சிறு வில்லையாக, தனி உறையில் ஒட்டியதாகக் கேளுங்கள். வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அதனால் உறை சரியாக ஒட்டாத வில்லை கசிந்து பிசுபிசுக்கும். வாங்கும்போதே உறையை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள், காற்று வெளியேறினால் அந்தப் பெட்டி வேண்டாம்.

எள்ளுருண்டையைக் கடையில் வாங்கினால் பெரும்பாலும் பெரிதாக இருக்கும், கல்போலவும் இருக்கும். கருப்பட்டியில் செய்த சிறு உருண்டை கிடைத்தால் நல்லது. கருப்பட்டியின் புகை மணம் கொகுதோ பழகியவர்களுக்குப் பிடிக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்களுக்கு எள்ளுப்பாகு இருக்கிறது, குட்டான் கட்டிய பனங்கட்டி இருக்கிறது. ஓலைக் குட்டானின் அழகே பாதிப் பரிசு. அது செடிப் பொருளால் செய்த உறை என்பதால் விமான நிலையத்தில் கேட்காமலே எடுத்துக் காட்டிவிடுவது நல்லது.

உப்பு, காரப் பக்கம் வந்தால் மிளகு முந்திரிக்கு இணை கிடையாது. சாயங்காலம் பீர் குடிக்கும்போது கொறிப்பதை ஒட்சுமாமி என்பார்கள். மிளகு முந்திரி அந்தத் தட்டில் நேராகப் போய் உட்காரும். மிளகாய் அவர்களைத் தடுமாற வைக்கிற அளவுக்கு மிளகு வைக்காது. நேந்திரம் சிப்ஸும் நல்லதுதான், உப்பு மட்டும் போட்டதாக இருக்கட்டும். மிக்சர் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் அங்கே ஒரு சொந்தம் உண்டு. அரிசியில் செய்த பிறை வடிவச் சிறு தீனியோடு வேர்க்கடலை கலந்த காகி நோ தானே. அதில் லேசான காரம் உண்டு, அந்த அளவே எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் காரம் குறைவானதைக் கேட்டு, 30 அல்லது 40 கிராம் சிறு பாக்கெட்டாக வாங்குங்கள். முறுக்கில் மணப்பாறை முறுக்கு 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. மிளகாய்க் காரம் இல்லாததால் ருசி ஒத்துப்போகும். ஆனால் பயணத்தில் முழுசாகப் போய்ச் சேருவது அரிது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

நெய்ப் பலகாரங்களை நான் பரிந்துரைப்பதில்லை. மைசூர்பாகும் திருநெல்வேலி அல்வாவும் நம் நாவுக்கு என்னவாக இருந்தாலும், வாகாஷி என்ற மிதமான இனிப்புள்ள ஜப்பானியப் பலகாரம் பழகியவர்களுக்கு அவை இரண்டாவது கடியிலேயே திகட்டும். குளிர்காலத்தில் இன்னொரு சிக்கல். டோக்கியோவில் ஜனவரி மாதம் சூடேற்றாத அறையில் நெய் உறைந்து, வாயில் மெழுகு மாதிரி ஒட்டும். தேங்காயெண்ணெயில் பொரித்த சிப்ஸுக்கும் இதே கதைதான். 24 டிகிரிக்குக் கீழே எண்ணெய் உறைந்து சிப்ஸ் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும், பார்ப்பவர்கள் பூஞ்சணம் என்று நினைத்துக்கொள்வார்கள். கெட்டுப்போகவில்லை, டோஸ்டரில் ஒரு நிமிடம் வைத்தால் தெளிந்துவிடும். நீங்களே எடுத்துச் செய்து காட்டிவிடுங்கள்.

பால்கோவாவும் வேண்டாம். அறை வெப்பத்தில் தாங்காது.

விமான நிலையத்தில் எது நிற்கும்

இறைச்சி எந்த வடிவத்திலும் கூடாது. உப்புக்கண்டம், மட்டன் ஊறுகாய், சிக்கன் ஊறுகாய், இறைச்சித் துணுக்கு உள்ள சூப் பாக்கெட் எல்லாமே இதில் அடக்கம். கடையில் சீல் வைத்து வாங்கியது என்பது அங்கே வாதமாகாது. ஏற்றுமதி செய்யும் நாட்டு அரசின் சோதனைச் சான்றிதழ் கேட்பார்கள், பயணியிடம் அது இருக்க வழியில்லை. சட்டத்தை மீறினால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 30 லட்சம் யென் வரை அபராதம். பெட்டிகள் வரும் இடத்தில் மோப்ப நாய்கள் சுற்றிக்கொண்டிருக்கும்.

பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், பச்சைக் காய், விதை, பச்சரிசி போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், சிலவற்றுக்குச் சான்றிதழ் இருந்தாலும் அனுமதி கிடையாது. பலகாரப் பெட்டிக்குள் மணத்துக்காக ஒரு கொத்துக் கறிவேப்பிலை போட்டு அனுப்பும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தயவுசெய்து எடுத்துவிடச் சொல்லுங்கள். எண்ணெயில் பொரிந்த கறிவேப்பிலை மிக்சரோடு இருப்பது பிரச்சினை இல்லை. வறுத்தது, பொரித்தது, பாகில் பிடித்தது எல்லாம் தடையின்றிப் போகும்.

எழுத வேண்டிய சுங்கப் படிவத்தில் சந்தேகம் இருந்தால் 'ஆம்' என்றே குறித்து, எடுத்துக் காட்டுங்கள். காட்டிய பொருளை அவர்கள் எடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடும். மறைத்த பொருள்தான் வினையாகும். ஊறுகாய், பஞ்சாமிர்தம் இவற்றைக் கைப்பையில் வைக்காதீர்கள். 100 மில்லிக்கு மேல் போனால் நம் ஊர் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

ஒவ்வாமை, வயது, தேதி

இந்த மூன்றும் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது. ஹோம்ஸ்டே ஏற்பாட்டாளர்கள் அனுப்பும் குடும்ப விவரக் குறிப்பில் யார் யார் இருக்கிறார்கள், வயது என்ன என்று இருக்கும். ஒவ்வாமை பற்றி அதில் இல்லாவிட்டால் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். கேட்பது அங்கே அநாகரிகமில்லை.

ஜப்பானில் பாக்கெட் உணவில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களின் வரிசையில் முட்டை, பால், கோதுமை, பக்வீட் என்ற தானியம், வேர்க்கடலை, இறால், நண்டு இருக்கின்றன. 2023-ல் வால்நட்டும் சேர்ந்தது. எள், பாதாம் போன்றவையும் குறிப்பிடப் பரிந்துரைக்கப்படுபவை. நம் பலகாரங்களில் வேர்க்கடலையும் எள்ளும் வெளியே தெரியும். தெரியாமல் உள்ளே இருப்பது கோதுமை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அரிசி மாவு முறுக்கு என்று நம்பி, கோதுமை ஆகாத பிள்ளைக்குக் கொடுத்துவிடக் கூடாது. ஒரே எண்ணெய்ச் சட்டியில் மாற்றி மாற்றிப் பொரிக்கும் கடைப் பலகாரத்தில் வேர்க்கடலை இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கடுமையான ஒவ்வாமை உள்ள வீடு என்றால் பலகாரத்தை விட்டுவிட்டுத் தேயிலைக்குப் போய்விடுங்கள்.

சிறு குழந்தைகள் இருந்தால் இன்னொன்று. கெட்டியான பருப்பு, கடலை வகைகளை 5 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று ஜப்பானின் நுகர்வோர் நல முகமை எச்சரிக்கிறது. மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து. எனவே குட்டிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கடலை மிட்டாயைப் பெரியவர்களுக்கென்று சொல்லிக் கொடுத்து, பிள்ளைகளுக்குப் பொரி உருண்டையைச் சிறிதாக உடைத்தோ, வாயில் கரையும் தேன்குழலோ தரலாம். பல்செட் வைத்த தாத்தா பாட்டிக்கும் கடலை மிட்டாய், சீடை இரண்டுமே வேண்டாம். அவர்களுக்குப் பயத்தம் உருண்டை மாதிரி மென்மையானது ஒன்று இருக்கட்டும்.

தேதியை எழுதும் முறை நாட்டுக்கு நாடு மாறும். நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். அவர்கள் ஆண்டு, மாதம், நாள். 05/06/26 என்று அச்சடித்திருந்தால் 2005 ஜூன் 26 என்று படிக்க வாய்ப்பு உண்டு, இருபது வருடப் பழைய பலகாரம் என்று அரண்டுபோவார்கள். 'தயாரித்த நாளிலிருந்து 3 மாதம்' என்று மட்டும் போட்டிருந்தாலும் அவர்களுக்குப் பயனில்லை. ஷோமி கிகென், அதாவது எந்த நாள் வரை நன்றாக இருக்கும் என்ற தேதியைத்தான் தேடுவார்கள். அதை நீங்களே கணக்கிட்டு, ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். நீங்கள் போய்ச் சேரும் நாளுக்குப் பிறகு குறைந்தது ஒரு மாதமாவது மிச்சம் இருக்கும் பாக்கெட்டாக வாங்குங்கள். பொரித்த பலகாரம் தேதிக்கு முன்பே சிக்கு வாடை அடிக்கும். பழைய எண்ணெயில் பொரித்திருந்தால் இன்னும் சீக்கிரம். ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்கி, ஊரிலேயே பிரித்து மோந்து பார்த்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரு சின்ன அட்டையில் ஜப்பானிய எழுத்தில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். பலகாரத்தின் பெயர், எந்த ஊர், என்னென்ன சேர்ந்திருக்கிறது, காரம் உண்டா இல்லையா, எந்தத் தேதி வரை. வேர்க்கடலைக்கு ரக்காசெய், எள்ளுக்குக் கோமா, கோதுமைக்குக் கொமுகி, பாலுக்கு நியூ. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுவிட்டு அப்படியே அச்சடிக்காமல், ஜப்பானிய மொழி படித்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். ஒவ்வாமை விஷயத்தில் தப்பான ஒரு சொல் ஆபத்து. இந்த அட்டை இருந்தால், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்போது ஒகாசான் அதைப் படித்தே விளக்கிவிடுவார்.

வீட்டில் செய்தது கூடாதா?

கூடும், ஆனால் அதைப் பரிசாகக் கொடுக்காமல் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் பண்டமாக வைத்துக்கொள்ளுங்கள். சீல் இல்லாத, தேதி இல்லாத பொருளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க அவர்கள் தயங்குவார்கள். முதல் நாள் மாலை டீயோடு நீங்களே எடுத்து வைத்தால் அந்தத் தயக்கம் இருக்காது.

இதற்கு எள்ளுருண்டை நல்லது. கறுப்பு எள் 200 கிராமை அடிகனமான வாணலியில் குறைந்த தீயில், படபடவென்று வெடிப்பது அடங்கும்வரை வறுக்க வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, சத்தம்தான் கணக்கு. கூடினால் கசக்கும். வெல்லம் 150 கிராமை 50 மில்லி தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள். ஒரு மணல் போதும், அத்தனை உழைப்பும் வீண். வடித்ததைக் கொதிக்கவிட்டு, ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுப் பாருங்கள். விரலால் திரட்டினால் உருண்டையாகத் திரண்டு, தட்டில் போட்டால் 'டங்'கென்று கேட்க வேண்டும். அதற்கு முன்பே எடுத்தால் உருண்டை இளகி உறையோடு ஒட்டும், தாண்டிப் போனால் பல் போகும். எள்ளும் இரண்டு ஏலக்காய்ப் பொடியும் சேர்த்துக் கிளறி, கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடிக்க வேண்டும். நம் வழக்கமான எலுமிச்சை அளவு வேண்டாம், ஒரே வாயில் போடும் சிறு உருண்டையாக முப்பது வரும். ஆறவிட்டு, வெண்ணெய்த் தாளில் ஒவ்வொன்றாக முறுக்கிச் சுற்றுங்கள். சூடாகச் சுற்றினால் உள்ளே வேர்த்து ஒட்டிக்கொள்ளும்.

பெட்டி கட்டுவது

விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போது காற்றடைத்த சிப்ஸ் பாக்கெட்டுகள் உப்பும். இடமில்லாமல் திணித்திருந்தால் ஓரம் விட்டுப்போய், போய்ச் சேரும்போது நமத்திருக்கும். முறுக்கும் சிப்ஸும் தகர டப்பாவில் போகட்டும். டப்பாவில் ஆட்டம் இல்லாதபடி இடைவெளியில் சுத்தமான தாளைக் கசக்கி நிரப்புங்கள், பலகாரம் நொறுங்குவது பெரும்பாலும் உள்ளே ஆடுவதால்தான். டப்பாவைப் பெட்டியின் நடுவில், துணிகளுக்கு இடையில் வையுங்கள். கடலை மிட்டாயும் முந்திரியும் எங்கே இருந்தாலும் தாங்கும். முக்கியமான பரிசு ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெரிய பெட்டி வர ஒருநாள் தாமதமானாலும் வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைய வேண்டியிருக்காது.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு மொத்தம் ஒரு கிலோ, மிஞ்சிப்போனால் ஒன்றரைக் கிலோ போதும். கடலை மிட்டாய் 20 வில்லை, எள்ளுருண்டை 10, மிளகு முந்திரி 250 கிராம், நேந்திரம் சிப்ஸ் 200 கிராம், 100 கிராம் நீலகிரித் தேயிலை. நீலகிரி என்ற பெயர் ஜப்பானின் தேயிலைக் கடைகளில் டார்ஜீலிங், அஸ்ஸாமுக்குப் பக்கத்தில் இருப்பது, அதனால் விளக்கம் தேவைப்படாது. இலங்கைத் தமிழர்களுக்கு ஊவா, திம்புலை, நுவரெலியா இருக்கிறது. எதையும் 4 அல்லது 9 என்ற எண்ணிக்கையில் வைக்காதீர்கள். நான்கு சாவையும் ஒன்பது துன்பத்தையும் ஒலிப்பில் நினைவூட்டும் எண்கள் அங்கே. கறுப்பு வெள்ளைத் தாளில் சுற்றுவதும் துக்க வீட்டை நினைவூட்டும். ஒரு சிறு சுங்குடித் துணியில் பெட்டியை முடிந்து கொடுத்தால் அவர்களுடைய ஃபுரோஷிகி வழக்கத்தோடு பொருந்தும், துணியும் அவர்களுக்கே.

விலையை அதிகமாக்காதீர்கள். பெறுகிறவர்கள் ஏறக்குறைய பாதி மதிப்புக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கும் ஒகாயேஷி வழக்கம் உண்டு, பெரிய பரிசு அவர்களுக்கு நெருக்கடி. 2000 முதல் 3000 யென் மதிப்பில் நிறுத்திக்கொள்ளலாம்.

நிலையத்தில் அழைக்க வந்தவர்களிடம் அங்கேயே நீட்ட வேண்டாம். வீட்டுக்குப் போய், உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்த பிறகு, பையிலிருந்து பெட்டியை வெளியே எடுத்து, எழுத்து அவர்கள் பக்கம் பார்க்கும்படி திருப்பி, இரு கையாலும் கொடுங்கள். "ஒகுச்சி நி ஆவு தோ உரெஷீ தெஸு" என்றால் போதும், உங்கள் வாய்க்குப் பிடித்தால் மகிழ்ச்சி என்று பொருள். அந்த இடத்திலேயே பிரிக்காமல் வைத்துவிட்டால் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கொடுத்தவர் முன் உடனே பிரிக்காமல் இருப்பதுதான் பழைய மரியாதை. புத்சுதான் மாடத்தின் முன் கொண்டுபோய் வைத்தால் உங்கள் பலகாரம் முதலில் அந்த வீட்டு மூத்தவர்களுக்குப் படைக்கப்படுகிறது. அது எடுக்கப்படும்வரை 'சாப்பிட்டுப் பாருங்கள்' என்று வற்புறுத்த வேண்டாம்.

தனி உறையில் உள்ள வில்லைகள் பத்துப் பதினைந்தை இந்தப் பெட்டியில் சேர்க்காமல் தனியாக வைத்திருங்கள். ஏற்பாட்டாளர், மொழி வகுப்பு ஆசிரியர், பார்க்க வரும் சித்தி குடும்பம் என்று முதல் வாரத்திலேயே அவை தேவைப்படும்.